சோயாச் சக்கை, தேங்காய்ச் சக்கை, காப்பித்தூள், மீன் கழிவு: இயற்கைக் காய்கறிப் பாத்திக்கு எதை எடுப்பது?

தௌஹூ (சோயாப்பாலை உறையவைத்த கட்டி) பட்டறை, சந்தானுக்கு, அதாவது தேங்காய்ப்பாலுக்கு, தேங்காய் பிழியும் கடை, காப்பிக் கடை, பாசாரில் மீன் வெட்டும் மேசை. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இந்த நான்கில் ஒன்றாவது இல்லாத வட்டாரம் அரிது. நான்கிலிருந்தும் நாள்தோறும் கழிவு வருகிறது, பெரும்பாலும் இலவசமாக. வீட்டுக் கொல்லையில் கங்கோங், சாவி (கடுகுக் கீரை வகை), வெண்டை போடுகிறவரும் பாலிக் புலாவ் பக்கம் கால் ஏக்கரில் இயற்கை முறையில் பயிர் செய்கிறவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இதில் எதை எடுப்பது?"

இலவசம் என்பதை முதலில் மறந்துவிட வேண்டும். கழிவுக்குக் காசு இல்லை. அதை அழுகவிடாமல் எருவாக்கத் தேவைப்படும் காய்ந்த பொருள், நேரம், உடலுழைப்பு, வண்டி எண்ணெய் ஆகியவற்றுக்குத்தான் செலவு. எந்தக் கழிவு நல்லது என்பதைவிட, எந்தக் கழிவை அன்றைக்கே கவனிக்க உங்களால் முடியும் என்பதே தேர்வைத் தீர்மானிக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். கீரை வகைப் பயிருக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 12 கிராம் நைட்ரஜன் தேவை என்று வைத்துக்கொள்ளலாம். 10 சதுர மீட்டர் பாத்திக்கு 120 கிராம். ஒரு கழிவு இதில் எவ்வளவைக் கொடுக்கும் என்று கணக்குப் போட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கார்பன் நைட்ரஜன் விகிதம். எருக் குவியலுக்கு 25 முதல் 30 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் சரியாக இருக்கும். அதற்குக் கீழே போனால் அம்மோனியா நாற்றம். மிக மேலே போனால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் பயிருக்கான நைட்ரஜனைத் தாங்களே எடுத்துக்கொள்ளும், இலை வெளுக்கும்.

கெடும் நேரம். நம் ஊர் வெப்பத்தில் ஈரக் கழிவு எத்தனை மணி நேரம் தாங்கும்?

உப்பும் எண்ணெயும். இரண்டும் எளிதில் கண்ணில் படாது. சேதம் பாத்தியில்தான் தெரியும்.

அக்கம்பக்கம். நாற்றம், எலி, ஈ, கொசு. தோம்பு (பீப்பாய்) மூடியில் மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசுப்புழு கிடைத்தால், 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்படி அபராதம் விதிக்கலாம். "எரு போடுகிறேன்" என்ற விளக்கம் அங்கே எடுபடாது.

| | சோயாச் சக்கை | தேங்காய்ச் சக்கை | காப்பித்தூள் | மீன் கழிவு |
|---|---|---|---|---|
| ஈரம் | 75–85% | சுமார் பாதி | 55–65% | 70–75% |
| உலர் எடையில் நைட்ரஜன் | 4–5% | சுமார் 1% | சுமார் 2% | 8–10% |
| கார்பன் : நைட்ரஜன் | சுமார் 10 | 50க்கு மேல் | 20–25 | 4–5 |
| கெடும் நேரம் | அரை நாள் | ஓரிரு நாள் | பல நாள் | 2–3 மணி |
| பெரிய இடைஞ்சல் | புளிப்பு, ஈ | எண்ணெய், எலி, எறும்பு | நாற்றின் வளர்ச்சியைத் தடுப்பது | நாற்றம், உப்பு |
| மறைந்த செலவு | காய்ந்த கரும்புச் சக்கை, நறுக்கும் உழைப்பு | மாதக்கணக்கில் காத்திருப்பு | பல கடைகளில் சேகரிக்கும் அலைச்சல் | சர்க்கரை அல்லது மொலாசஸ் (கரும்புப் பாகு) |

## சோயாச் சக்கை

சோயா மொச்சையை ஊறவைத்து அரைத்துப் பாலை வடித்தபின் மிஞ்சுவது இது. பாலை உறையவைக்கும் ஜிப்சமோ மற்ற உப்போ சேர்ப்பதற்கு முன்பே சக்கை பிரிந்துவிடுகிறது. அதனால் அந்த உப்புகள் இதில் இருப்பதில்லை. தௌஹூ வடித்த தண்ணீர் வேறு விஷயம். அதையும் சேர்த்து ஊற்றித் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

100 கிலோ ஈரச் சக்கையில் சுமார் 20 கிலோதான் உலர் பொருள். அதில் ஏறக்குறைய 900 கிராம் நைட்ரஜன். இலவசமாகக் கிடைக்கும் தாவரக் கழிவில் இந்த அளவுக்கு வருவது அரிது. வாங்கிப் போடும் கடலைப் பிண்ணாக்கு இதைவிட வீரியமானதுதான், ஆனால் அதற்குக் காசு.

குவியல் போடும் கணக்கு இது. 100 கிலோ ஈரச் சக்கைக்கு 45 முதல் 48 கிலோ காய்ந்த கரும்புச் சக்கை. இரண்டும் சேர்ந்தால் விகிதம் 27க்கு அருகில் வரும், ஈரம் 58 சதவீதம் அளவில் நிற்கும். தனியாகத் தண்ணீர் ஊற்றவே கூடாது. கரும்புச் சாறு கடையில் உருளையில் நசுங்கி வெளியே வரும் சக்கை பாதி ஈரத்தோடு, ஒரு முழத்துக்கு மேல் நீளமாக இருக்கும். அதை அப்படியே போட்டால் இரண்டு தவறு சேர்ந்து நடக்கிறது. குவியலின் ஈரம் 65 சதவீதத்தைத் தாண்டிப் போகிறது, நீளமான தும்பு மண்வெட்டியில் சிக்கிப் புரட்டவே விடுவதில்லை. கூரைக்கடியில் இரண்டு மூன்று நாள் விரித்துக் காயவைத்து, பாராங் கத்தியால் இரண்டு விரற்கடை நீளத்துக்கு நறுக்க வேண்டும். சோயா முறையில் உடம்பு நோகும் வேலை இது ஒன்றுதான். இதைச் செய்யாமல் விட்டவர்கள்தான் "சோயாச் சக்கை நாறுகிறது" என்கிறார்கள்.

அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கரும்புச் சக்கையை மட்டும் பரப்புங்கள். அதன்மேல் கலவையை அரை கன மீட்டருக்குக் குறையாமல் கூம்பாக ஏற்றி, மறுபடியும் நான்கு விரற்கடைக்குக் காய்ந்த சக்கையால் போர்த்துங்கள். அந்தப் போர்வை ஈக்களைத் தடுக்கும். இரண்டாம் நாளே உள்ளே கையை வைக்க முடியாத சூடு வரும். 55 டிகிரிக்கு மேல் குறைந்தது மூன்று நாள் நிற்க வேண்டும். சூடு இறங்கத் தொடங்கும்போது ஓரத்தில் உள்ளது நடுவுக்கு வருமாறு புரட்டுங்கள். முதல் இரண்டு வாரத்தில் நான்கைந்து புரட்டல், பிறகு வாரம் ஒன்று. எட்டுப் பத்து வாரத்தில் 60 கிலோ அளவில் எரு மிஞ்சும். சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ வீதம் போட்டால் 24 சதுர மீட்டருக்கு ஒரு போகத்துக்கு வரும். இதிலுள்ள நைட்ரஜன் முழுவதும் முதல் போகத்திலேயே பயிருக்குக் கிடைத்துவிடாது. முதல் ஆண்டில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவும், அதே பாத்தியில் மூன்றாவது நான்காவது போகத்தில் நன்றாகவும் பலன் தெரிவது இதனால்தான்.

கையில் பிடித்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் உடனே காய்ந்த சக்கை சேருங்கள். முட்டை அழுகிய வாடை வந்தால் காற்றில்லை, மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வந்தால் கார்பன் போதவில்லை. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: பிரித்துக் கொட்டி, காய்ந்ததைக் கலந்து, மறுபடி ஏற்றுவது.

இடம் குறைவானவருக்குப் புதைக்கும் முறை போதும். பாத்தியில் 25 சென்டிமீட்டர் ஆழம் தோண்டி, சதுர மீட்டருக்கு 2 கிலோ ஈரச் சக்கையை அடிமண்ணோடு கொத்திக் கலந்து, மேலே ஒரு சாண் மண் மூடி மூன்று வாரம் சும்மா விடுங்கள். இதில் 18 கிராம் நைட்ரஜன் இருக்கிறது, ஒரு போகக் கீரைக்குத் தாங்கும். நாற்று இருக்கும் பாத்தியின்மேல் பச்சையாகத் தூவுவது மட்டும் கூடாது. அது ஓடுபோல் இறுகிப் புளித்து, காற்றை அடைத்து, தண்டு மண்ணைத் தொடும் இடத்திலேயே அழுகல் கொண்டுவரும்.

கொண்டுவந்த அன்று வேலை முடியாவிட்டால், ஐந்து பங்குச் சக்கைக்கு ஒரு பங்கு அரிசித் தவிடு கலந்து, இறுக்கமான மூடி உள்ள தோம்பில் காற்றிடமில்லாமல் அமுக்கி வையுங்கள். புளித்தாலும் கெடாமல் ஓரிரு வாரம் நிற்கும்.

இந்தச் சக்கைக்கு மாடு, வாத்து வளர்ப்பவர்களும் போட்டியாளர்கள். மாதம் ஒருமுறை வந்து கேட்பவருக்குப் பட்டறைக்காரர் ஒதுக்கி வைக்க மாட்டார். விடியற்காலையில் குறித்த நேரத்தில் காலித் தோம்போடு போய் நிற்கிறவருக்குத்தான் கிடைக்கும். முதலில் யோசிக்க வேண்டிய செலவு இது.

## தேங்காய்ச் சக்கை

இதைத் தென்னை நார்க்கழிவோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். நார்க்கழிவு மட்டையிலிருந்து வருவது, எண்ணெய் கிடையாது, நாற்றுத் தட்டுக்கு ஏற்றது. சந்தான் பிழிந்தபின் வரும் வெள்ளைச் சக்கையோ துருவிய பருப்பு. பிழிந்தபிறகும் உலர் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை கொழுப்பு தங்கிவிடுகிறது. அந்தக் கொழுப்புதான் எல்லாச் சிக்கலுக்கும் வேர். அது மண் துகளைப் போர்த்தி, தண்ணீரை உள்ளே இறங்கவிடாமல் ஓட வைக்கும். குவியலில் காற்றோட்டத்தை அடைக்கும். எலியையும் எறும்பையும் கூப்பிடும்.

நைட்ரஜன் உலர் எடையில் ஒரு சதவீதம்தான். பச்சையாகப் பாத்தியில் கொத்திவிட்டால் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குக் கீரை மஞ்சளாகவே நிற்கும். அப்போது சிலர் இன்னும் கொஞ்சம் சக்கை போட்டு "சத்து ஏற்ற" பார்க்கிறார்கள். நிலைமை இன்னும் மோசமாகும்.

எருவில் சேர்ப்பதென்றால் குவியலின் கன அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். சோயாச் சக்கையோ நன்கு மக்கிய கோழி எருவோ உடன் இருக்க வேண்டும். புரட்டும்போது கட்டிகளைக் கையால் உதிர்த்துவிடுங்கள், எண்ணெய் பிசுபிசுப்பில் உருண்டை பிடித்து உள்ளே அப்படியே ஊசிப்போயிருக்கும். நான்கு மாதமாவது ஆகும். தென்னையோ செம்பனையோ அருகில் இருக்கும் செபெராங் பிறைப் பகுதிகளில் இன்னொன்றையும் கவனியுங்கள். காண்டாமிருக வண்டு மக்கும் குவியலில் முட்டையிடும். கட்டைவிரல் தடிமனில், வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழுவைக் கண்டால் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள்.

எங்கள் தீர்ப்பு: கோழி வளர்க்கிறவராக இருந்தால் சக்கையைக் கோழித் தீவனத்தோடு அளவாகக் கலந்து கொடுங்கள், கோழி எருவை மக்கவைத்துப் பாத்திக்குப் போடுங்கள். கோழி இல்லாதவருக்கு இதைவிட நல்ல கழிவுகள் இருக்கின்றன. விதிவிலக்கு ஒன்றே. கத்தரி, மிளகாய்போல் ஆறு மாதத்துக்கு மேல் நிற்கும் பயிருக்கு, நடுவதற்கு இரண்டு மாதம் முன்பே குழியின் ஆழத்தில் தவிட்டோடு சேர்த்துப் புதைக்கலாம். மெதுவாக மக்குவது அங்கே குறையல்ல.

## காப்பித்தூள்

காப்பி வடித்தபின் மிஞ்சும் தூளில் இரண்டு வகை உண்டு. அதைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது. புதுக் கஃபேக்களில் இயந்திரத்தில் வடித்து, வில்லையாகத் தட்டிப் போடும் தூள் வெறும் காப்பி. பழைய காப்பிக் கடைகளில் துணிப்பையில் வடிக்கும் கொப்பித் தூளோ, கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுத்தது. இயற்கை வேளாண் சான்றிதழ் வைத்திருக்கிற பண்ணைக்கு முதல் வகைதான் வம்பில்லாதது. வீட்டுத் தோட்டத்துக்கு இரண்டாவதும் ஆகும், எறும்பு கொஞ்சம் கூடும்.

"காப்பித்தூளை அப்படியே செடியடியில் போடுங்கள்" என்ற அறிவுரை எங்கும் கிடைக்கிறது. அதைக் கேட்காதீர்கள். மெல்பர்ன் நகர்த் தோட்ட மண்ணில் மக்காத காப்பித்தூளைக் கலந்து முள்ளங்கி, புரோக்கோலி, லீக் உள்ளிட்ட பயிர்களை வளர்த்துப் பார்த்த 2016ஆம் ஆண்டு ஆய்வில், வளர்ச்சி பெருமளவு குறைந்தது. மக்காத தூளில் முளையையும் வேரையும் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. மக்கும்போது அவை சிதைந்துவிடுகின்றன. அதோடு, மேலே தடிமனாகப் பரப்பினால் காய்ந்து தகடாகி மழைநீரைத் தள்ளிவிடும்.

குவியலில் கன அளவில் 20 சதவீதத்தோடு நிறுத்துங்கள். அடுக்குமாடியில் இருப்பவருக்கு இதுதான் முதல் தேர்வு: பல நாள் நாறாது, கனமில்லை, எலி வராது. அடியில் துளையிட்ட 20 லிட்டர் வாளியில் மூன்று பங்கு நொறுக்கிய காய்ந்த இலை, அரைப் பங்கு காப்பித்தூள், அரைப் பங்கு மாமாக் சாப்பாட்டுக் கடையில் தேநீர் வடித்து மிஞ்சும் தேயிலைத் தூள், ஒரு பிடி பழைய தொட்டிமண். வாரம் ஒருமுறை கிளறினால் மூன்று மாதத்தில் பயன்படும். இவ்வளவு சிறிய வாளியில் சூடு ஏறாது என்பதால் களை விதையையும் நோய்ப்பட்ட செடியையும் உள்ளே போட வேண்டாம்.

தேயிலைத் தூளைச் சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதில் காப்பியைவிட நைட்ரஜன் அதிகம், பால் ஊற்றுவதற்கு முன்பே வடிகட்டப்படுவதால் கொழுப்பும் இல்லை. ஆனால் கடைப் பையனிடம் சொல்லித் தனி வாளி வைக்காவிட்டால் கெட்டிப்பாலும் சிகரெட் துண்டும் சேர்ந்தே வரும்.

## மீன் கழிவு

மீனைக் குவியலில் போடுவதை நகர்ப்புறத்தில் நினைக்கவே வேண்டாம். எடுத்தால் மீன் அமிலமாக மட்டும். பாசாரிலிருந்து வந்த உடனே குடலையும் தலையையும் சிறிதாக வெட்டி, எடைக்கு எடை மொலாசஸோ நாட்டுச் சர்க்கரையோ கலந்து, தோம்பில் கால் பங்கு காலியாக விட்டு, துணியால் இறுக்கிக் கட்டி மூடியைத் தளர்வாக வையுங்கள். முழுதாக இறுக்கினால் வாயு அழுத்தத்தில் தோம்பு உப்பும். ஒரு மாதத்தில் சாறு இறங்கும். முள்ளைச் சுற்றிய சதையும் கரைய மூன்று மாதம் வேண்டும். வடித்த சாறில் பழ வாடை கலந்த மீன் வாடை இருந்தால் சரி. அழுகல் வாடை என்றால் சர்க்கரை குறைந்துவிட்டது. கருவாடு, உப்பிட்ட நெத்திலி வேலை செய்யும் இடத்துக் கழிவை எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள்.

தெளிப்புக்கு லிட்டருக்கு 2 மில்லி, வேரில் ஊற்ற 5 மில்லி. இதையே முழு உரமாக நம்புகிறவர்கள் ஏராளம். எண்ணைப் பாருங்கள்: எடைக்கு எடை சர்க்கரை சேர்த்தபின் சாறில் நைட்ரஜன் சுமார் 1.2 சதவீதம். 10 சதுர மீட்டர் பாத்திக்கு 20 லிட்டர் கரைசலை வாரம் ஒருமுறை நான்கு வாரம் ஊற்றினால், மொத்தமே 5 கிராம் நைட்ரஜன். தேவை 120. மீதியை மண்தான் கொடுக்க வேண்டும். ஆகவே இது துணை மட்டுமே. ஏற்கெனவே எருவிட்ட பாத்தியில், பூ வைக்கும் வெண்டைக்கும் பயற்றங்காய்க்கும் ஊக்கம் கொடுக்க நல்லது.

பச்சையாகத் தின்னும் வல்லாரை, ஊலாம் ராஜா போன்றவற்றின் இலையில் தெளிக்காதீர்கள்.

## யாருக்கு எது

வண்டியும் கூரையிட்ட இடமும் உள்ளவர், வாரம் ஒருநாள் விடியலில் எழுந்து போக முடிகிறவர்: சோயாச் சக்கை. வேறெதையும் யோசிக்க வேண்டாம்.

சமூகத் தோட்டம், ஐந்தாறு குடும்பம்: குவியலுக்குச் சோயா, அதில் ஐந்தில் ஒரு பங்கு காப்பித்தூள். நறுக்கும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் இருப்பதால் கரும்புச் சக்கை இங்கே சுமையாகத் தெரியாது. கரும்புச் சக்கை கிடைக்காத இடத்தில் காய்ந்த இலை போதும், ஆனால் 100 கிலோ சோயாவுக்கு 80 கிலோ வேண்டும். அவ்வளவு இலையை மழை படாமல் சேர்த்து வைக்க இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடி: காப்பியும் தேயிலையும்.

தெலுக் பஹாங், தெலுக் கும்பார் போன்ற மீனவர் வட்டாரத்தில் இருப்பவர், மொலாசஸ் மலிவாகக் கிடைத்தால் மீன் அமிலத்தைத் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

நான்கில் எதுவும் செய்யாத வேலை ஒன்று உண்டு. நம் செம்மண் பெரும்பாலும் புளிப்பு, பிஎச் (புளிப்பை அளக்கும் எண்) 5க்கு அருகிலோ கீழேயோ நிற்கும். எரு மட்டும் அதைத் தேவையான அளவு உயர்த்தாது. ரொட்டிச் சானாய்க் கடையின் முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து மாவாக அரைத்தால் அது சுண்ணாம்பேதான். கையால் நொறுக்கிய துண்டு ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும், பயனில்லை. போதுமான ஓடு கிடைக்காதவர் டோலமைட் சுண்ணாம்புத் தூளை வாங்கிப் போடுவதே சிக்கனம்.

விவசாயத் துறையின் மைஆர்கானிக் சான்றிதழ் வைத்திருப்பவர், அல்லது விண்ணப்பிக்கப் போகிறவர், வெளியிலிருந்து வரும் எந்தக் கழிவையும் பாத்திக்குக் கொண்டுபோகும் முன் சான்றிதழ் அதிகாரியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். சோயாவுக்குக் கூடுதல் கேள்வி வரும். மரபணு மாற்றப் பொருளை இயற்கை வேளாண் விதிகள் ஏற்பதில்லை. மொச்சை எங்கிருந்து வருகிறது, எந்த வகை என்று பட்டறையிடம் கடிதம் வாங்கி, நாள்வாரி வரவுப் பதிவோடு கோப்பில் வையுங்கள். பட்டறை கடிதம் தர மறுத்தால் அந்தச் சக்கையைச் சான்றிதழ் நிலத்தில் போடாதீர்கள்.

எருவைப் பாத்திக்குக் கொண்டுபோகும் முன் ஒரு சோதனை. ஒரு பங்கு எருவோடு மூன்று பங்கு மண் கலந்து ஒரு தட்டிலும், வெறும் மண்ணை இன்னொரு தட்டிலும் நிரப்பி, இரண்டிலும் பத்துப் பத்துச் சாவி விதை போடுங்கள். ஐந்தாம் நாள் எண்ணுங்கள். எருத் தட்டில் எட்டுக்குக் குறைவாக முளைத்து, வெறும் மண்ணில் நன்றாக வந்திருந்தால் எரு இன்னும் பழுக்கவில்லை. குவியலைப் புரட்டி மூடி, இரண்டு வாரம் கழித்து மறுபடி விதைத்துப் பாருங்கள்.